மூன்று கிலோமீட்டர் கோடை

போன இதழில், இந்தக் கோடையில் வெளியூர் எங்கும் போகாமல் வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே ஆறு வாரம் கழித்ததைப் பற்றி எழுதியிருந்தேன். காலையில் இறகுப்பந்து. மாலையில் கையில் போனோடு தெருத்தெருவாக நடந்து, இணைய வரைபடத்தில் விடுபட்டிருப்பதைச் சேர்ப்பது. இரவில் மொட்டைமாடியில் வானம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், அனுப்பியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

ஆறு வாரம் ஒரே இடத்தில் எப்படிச் சலிக்காமல் இருந்தீர்கள்? விடுப்பு எடுத்த மூன்றாம் நாளே எனக்கு வீடு கசக்க ஆரம்பித்துவிடுகிறது.

எனக்கும் கசந்தது. போவதாக இருந்த பயணம் கடைசி நேரத்தில் நின்றுபோய், எடுத்த விடுப்பு மட்டும் கையில் இருந்தது. முதல் நாலு நாள் வெயில் ஏறும்வரை தூங்கினேன், மீதி நேரம் போனைத் தடவிக்கொண்டே இருந்தேன். சாயங்காலமானால் தலை கனக்கும். ஒரு வேலையும் செய்யாத உடம்புக்கு அவ்வளவு களைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மாலை, வாசலுக்கு வந்ததும் வழக்கமாகத் திரும்பும் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தேன். நாலாவது சந்தின் முடிவில் ஒரு கல் படிக்கட்டு வாய்க்காலுக்கு இறங்கியது. 11 வருடமாக அந்த வட்டாரத்தில் இருக்கிறேன், அதைப் பார்த்ததே இல்லை. எண்ணிக்கொண்டே இறங்கினேன், 23 படி. கீழே வாய்க்கால் ஓரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று போனது. அது எங்கே போய்ச் சேர்கிறது என்று போனில் வரைபடத்தைத் திறந்தால், அதில் படிக்கட்டும் இல்லை, பாதையும் இல்லை. இருட்டும்வரை அந்தப் பாதையிலேயே போனேன். மறுநாளும் போனேன்.

'கொஞ்சம் நடந்துவிட்டு வா' என்று யாராவது சொன்னால் எனக்குக் கால் எழாது. 'அந்தப் பாதை எங்கே முடிகிறது, பார்த்துவிட்டு வா' என்றால் உடனே செருப்பைத் தேடுவேன். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாலாம் நாளுக்குத் தேடுவதற்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

வரைபடத்தில் நாமே எப்படிச் சேர்க்க முடியும்? தப்பாகப் போட்டுவிட்டால்? நீங்கள் என்னென்ன சேர்த்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

நான் சேர்த்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில். 2004-இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் பிரிட்டனில் தொடங்கியது. கலைக்களஞ்சியத்துக்கு விக்கிப்பீடியா எப்படியோ, வரைபடத்துக்கு இது அப்படி. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, தங்களுக்குத் தெரிந்த இடத்தைத் திருத்தலாம். சேமித்த சில நிமிடங்களிலேயே அது வரைபடத்தில் வந்துவிடுகிறது. முதல் தடவை அந்த 23 படிகள் ஒரு சின்னக் கோடாக அங்கே தோன்றியபோது, போனை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடங்குபவர்களுக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி நல்லது. நாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பற்றி அது கேள்வி கேட்கும். இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா? இந்தப் பெஞ்சுக்குச் சாய்மானம் உண்டா? இந்தப் படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா? கண்ணால் பார்த்துப் பதிலைத் தொட்டால் போதும். முதல் மாலை 14 கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்தப் பெஞ்சுகளை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். சாய்மானம் இருக்கிறதா என்று கேட்டால், நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

ஆறு வாரத்தில் நான் சேர்த்தவை: அந்தப் படிக்கட்டு, வாய்க்கால் பாதை, மூன்று சந்துகள், ஒன்பது பெஞ்சுகள், இரண்டு குடிநீர்க் குழாய்கள். அப்புறம் நூலகத்தின் பின்வாசலில் இருக்கிற சாய்தளம். இவற்றில் அந்தச் சாய்தளம்தான் எனக்குப் பெரியது. முன்வாசலில் ஏழு படி. சக்கர நாற்காலியில் வருகிறவர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போக வேண்டியதுதான். பின்னால் சாய்தளம் இருப்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது வரைபடத்தில் இருக்கிறது. அதை ஒரே ஒருவர் பார்த்து உள்ளே போனாலும் எனக்கு அது போதும்.

தப்பு நானும் செய்தேன். ஒரு சந்து அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்கிறது என்று, முழுக்க நடந்து பார்க்காமலேயே இணைத்துவிட்டேன். அது ஒரு வீட்டு முற்றத்தில் முடிகிறது. இரண்டு நாளில் வேறொரு தன்னார்வலர் அதைத் திருத்திவிட்டு, 'கடைசிவரை நடந்து பார்த்தீர்களா?' என்று தன்மையாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். மாற்றங்களெல்லாம் வரலாற்றில் பதிவாகியிருப்பதால் எதையும் பழையபடி ஆக்கிவிடலாம், பயப்பட வேண்டாம். ஆனால் பார்த்ததை மட்டும் போடுங்கள், ஊகித்ததைப் போடாதீர்கள். வேறு நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து நகல் எடுப்பதும் கூடாது, அது காப்புரிமைச் சிக்கல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் பெயரைத் தமிழில் எழுதத் தனிக் கட்டம் இருக்கிறது. பல இடங்களில் அது காலியாகவே கிடக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்து இடங்களுக்குத் தமிழ்ப் பெயரை எழுத முடியும். தயவுசெய்து எழுதுங்கள்.

போனில் நான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி சில சமயம் பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. போன் கெட்டுவிட்டதா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'இப்போது மணி இத்தனை, நான் இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்து உங்கள் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று போதும் என்று தோன்றும். ஆனால் போனில் உள்ள கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல, அந்தப் பிழையைக் கழிக்க நாலாவது ஒன்றும் வேண்டும். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போய்விடும்.

திறந்த வெளியில் நல்ல போன் சுமார் ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில், சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தக் கூடுதல் தூரத்தையும் போன் நம்பிவிடுகிறது. அதனால்தான் புள்ளி தாவுகிறது. திறந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடக்கத் தொடங்குங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்பதையும் பலர் அறிவதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி பார்க்கலாம்.

இந்தத் துல்லியம் நமக்குக் கிடைத்தது 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில்தான். அதுவரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்தியதும், மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களை வைத்து மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிட்டார். ஆட்கள் தேடிக்கொண்டு போனார்கள். இன்று ஜியோகேச்சிங் என்று உலகம் முழுக்க விளையாடப்படுவது அதிலிருந்து பிறந்ததுதான். நுட்பம் வந்த கையோடு ஒருவருக்கு அதை வைத்து விளையாடத் தோன்றியது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சேதி.

எனக்கு 52 வயது. இறகுப்பந்து ஆட ஆசை, முழங்காலை நினைத்தால் பயம். இன்னொரு சந்தேகம்: கோடையில் நான் அடிக்கும் காக் (இறகுப்பந்து) எல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுகிறது. என் அடி மாறிவிட்டதா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தில் நானும் இரண்டு வாரம் இருந்தேன். மாறியது உங்கள் அடி அல்ல, காற்று. வெப்பம் ஏறினால் காற்று லேசாகிறது. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஆறு சதவீதம் குறையும். காக்கின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது காற்றுதான், பிடி தளர்ந்தால் அது கொஞ்சம் கூடுதலாகப் போகும். காக் டப்பாவில் 76, 77, 78 என்றோ 2, 3, 4 என்றோ ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் சிறியதானால் காக் மெதுவானது. கோடையில் ஓர் எண் குறைத்து வாங்கிப் பாருங்கள். விதிப் புத்தகத்தில் ஒரு சோதனையும் இருக்கிறது. பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் காக் விழ வேண்டும். நாங்கள் தினமும் ஆட்டத்துக்கு முன்னால் இதைச் செய்கிறோம்.

இறகுகள் காய்ந்து பொடிந்து போவதும் கோடைத் தொல்லைதான். முந்தின நாள் இரவு டப்பாவின் இருபக்க மூடியையும் திறந்து, கொதிக்கிற தண்ணீரின் ஆவியைச் சில நொடி உள்ளே போகவிட்டு மூடி வையுங்கள். இறகு கொஞ்சம் ஈரம் பிடித்து, இன்னும் சில ஆட்டங்களுக்குத் தாங்கும். ஒரு காக்கில் 16 இறகு, மொத்த எடை ஐந்து கிராம் அளவுதான். அவ்வளவு லேசான ஒன்றுக்கு இத்தனை கவனம் தேவைப்படுகிறது.

இப்போது வயது. 49-இல் மட்டையைத் தொட்டவள் நான், இது மூன்றாவது வருடம். 2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மேலிருந்து ஓங்கி அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் என்று பதிவானது. அதைக் கேட்டால் நமக்கு இது சரிப்படாது என்று தோன்றும். ஆனால் மட்டையை விட்டுக் கிளம்பிய அடுத்த கணமே காக் வேகம் இழக்கத் தொடங்கிவிடும். மற்ற ஆட்டங்களின் பந்து அவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்காது. உயரத் தூக்கி அடித்த காக், விழும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான் வரும். நமக்கு நேரம் இருக்கிறது. இரட்டையர் ஆட்டம் ஆடுங்கள், ஓட வேண்டிய தூரம் குறையும்.

முழங்காலைவிடக் கணுக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஓடுவதற்கான காலணியோடு ஆடினேன். அதன் குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும், முன்னோக்கி ஓட நல்லது. இந்த ஆட்டத்திலோ பக்கவாட்டில் பாய்கிறோம். வலப்பக்கம் வந்த ஓர் அடியை எடுக்கப் போய்க் கால் பிசகி, மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். தட்டையான அடிப்பாகம் கொண்ட கோர்ட் காலணியை முதல் நாளே வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை அரை மணி நேரம் போதும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே நிறுத்துங்கள், 'இந்த ஒரு பாயிண்ட்' என்று நிற்காதீர்கள்.

தினமும் 10,000 காலடி நடந்தால்தான் பலனா? என் கைக்கடிகாரம் 6,000-ஐத் தாண்டுவதே இல்லை, மனசு உறுத்துகிறது.

உறுத்த வேண்டாம். அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் மான்போ-கே, அதாவது 'பத்தாயிரம் அடிக் கருவி'. பெயர் பிடித்துப்போய் இலக்காகவே ஆகிவிட்டது. 2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவருடன் இருந்தவர்களும் 16,741 பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அளவுக்கு மேல் அந்தப் பலன் பெரிதாகக் கூடவில்லை. உங்கள் 6,000 நல்ல எண். ஆறு வாரத்தில் பாதி நாட்கள் என் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

இதற்கெல்லாம் புதுப் போன் வாங்கினீர்களா? எது நல்லது?

வாங்கவில்லை. நாலு வருடப் பழைய போன்தான். வெயிலில் சூடாகி நின்றுபோகாமல் இருக்க, நடக்கும்போது துணிப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் பையனுக்குப் பத்து வயது. விடுமுறை முழுக்கப் போனோடுதான். பிடுங்கினால் அழுகை, கொடுத்தால் ராத்திரிவரை கீழே வைப்பதில்லை. நீங்கள் வானம் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அவனை எப்படி அதற்குக் கொண்டுவருவது?

என் தங்கை மகள் இரண்டு வாரம் என்னோடு இருந்தாள், அவளுக்கும் பத்து வயது. முதல் நாள் 'நட்சத்திரம் பார்க்கலாம் வா' என்று கூப்பிட்டேன், வரவில்லை. இரண்டாம் நாள் இப்படிச் சொன்னேன்: 'இன்னும் ஏழு நிமிடத்தில் நம் தலைக்கு மேலே ஆட்களோடு ஒரு வீடு போகப்போகிறது.' செருப்பில்லாமலேயே மாடிக்கு ஓடி வந்தாள்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தைச் சொன்னேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை. நாம் இருக்கும் இடத்தில் எப்போது தெரியும் என்பதை நாசா தன் செயலியில் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன், போனோடு. சூரியன் மறைந்த பிறகு சிறிது நேரம் அல்லது விடிவதற்கு முன்னால்தான் பார்க்க முடியும். நமக்கு இருட்டாக இருக்க வேண்டும், அதன் மேல் வெயில் பட வேண்டும். மேற்கிலிருந்து கிழக்குப் பக்கமாக, விட்டு விட்டு மின்னாமல், வெள்ளைப் புள்ளியாக நகர்ந்து வரும். நல்ல நாளில் ஐந்தாறு நிமிடம் தெரியும். சில சமயம் நடுவானத்திலேயே மங்கி மறைந்துவிடும், பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். 'எங்கே பெரியம்மா, விழுந்துட்டாங்களா?' என்று பதறிவிட்டாள். டார்ச்சையும் ஒரு பந்தையும் வைத்து நிழலைக் காட்டிய பிறகுதான் தூங்கப் போனாள்.

மாடியில் போனைக் கீழே வைக்கச் சொல்ல எனக்கு ஒரு நேர்மையான காரணம் கிடைத்தது. கண் இருட்டுக்கு முழுக்கப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு தடவை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. 'ஒரு தடவை பார்த்துவிட்டு வா, எத்தனை நட்சத்திரம் காணாமல் போகிறது என்று எண்ணு' என்றேன். எண்ணினாள். அதன் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு, கோடைத் தொடக்கத்து மாலையில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். கரண்டி போல இருக்கும் அதன் கைப்பிடி வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. இன்னும் நீட்டினால் வெண்ணீலமாகச் சித்திரை. சுவாதியின் ஒளி நம்மை வந்து சேர 37 வருடம் ஆகிறது. அவள் அம்மா பிறந்தபோது கிளம்பிய வெளிச்சம் அது என்று கணக்குப் போட்டுச் சொன்னது அவளேதான்.

பையனிடம் போனைப் பிடுங்காதீர்கள் அம்மா. அதில் அவன் செய்ய ஒரு வேலை கொடுங்கள், அந்த வேலை அவனை மாடிக்கு அனுப்புவதாக இருக்கட்டும். எல்லா நாளும் பலிக்காது, இவளும் மழை பெய்த மூன்று நாள் போனை விடவில்லை.

மாமியார் படுக்கையில் விழுந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வெளியே போக முடியாது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு எந்தக் கோடை?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருடமும் நானும் வெளியே போனதில்லை. அப்போது யாராவது 'கொஞ்சம் நடந்துவிட்டு வா, மனசு லேசாகும்' என்று சொன்னால் கோபம்தான் வரும். அதனால் அதை நான் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது தாமதமாகப் புரிந்தது. 'எப்போதாவது உதவி வேண்டுமானால் சொல்' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர் இருந்தார்கள், நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு நாள் தம்பியிடம், 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை நீ அப்பா பக்கத்தில் இரு' என்று நாளும் மணியும் சொல்லிக் கேட்டேன். மறுக்காமல் வந்தான், வாராவாரம் வந்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நாளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள். கணவரிடமும் அப்படியே கேளுங்கள், அவர் அம்மாதானே.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2010 ஜனவரியில் ஹைத்தியில் பூகம்பம் வந்தபோது, தலைநகரத்துக்குச் சரியான தெரு வரைபடமே இல்லை. எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. அந்த வேலை இன்றும் தொடர்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கங்களும் சேர்ந்து 2014-இல் மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. வரைபடத்தில் இல்லாத ஊர்களுக்கு வரைபடம் உண்டாக்குவதுதான் அதன் வேலை. அதற்காக மேப்ஸ்வைப் என்று ஒரு செயலி இருக்கிறது. வானத்திலிருந்து எடுத்த படங்கள் சின்னச் சின்னச் சதுரங்களாக வரும். வீடு தெரிகிற சதுரத்தைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிவிட வேண்டும். தடுப்பூசி போடப் போகிறவர்களுக்கு எங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்று தெரிவது இப்படித்தான். ஐந்து நிமிடம் செய்துவிட்டு, கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். அப்பாவின் காலத்தில் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவர் தூங்கும் அரை மணி நேரங்களில் நான் வெறும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விண்வெளி நிலையம் உங்கள் ஜன்னல் பக்கமாகப் போகும் நாளையும் பார்த்து வையுங்கள். மாமியாரால் தலையைத் திருப்ப முடியுமானால் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கும் காட்டுங்கள்.

செயலியில் முதலில் எந்த நாட்டுப் படம் உங்களுக்கு வந்தது, எத்தனை வீடு கண்டுபிடித்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.